சிவகாசியில இருந்து சர்வதேச அரசியல் படிக்கலாமா? எம்.ஏ சேர்றதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

டிகிரி கடைசி வருஷம். பிரெண்ட்ஸ்ல பாதிப் பேர் பி.எட், பேங்க் எக்ஸாம், குரூப் 4னு கிளம்பிட்டாங்க. மீதிப் பேர் அப்பாவோட பிரஸ்ஸுக்கோ, மாமாவோட பட்டாசுக் கடைக்கோ போகப்போறாங்க. நீங்க மட்டும் மொபைல்ல உக்ரைன் போர், அமெரிக்க வரி, இலங்கைப் பொருளாதாரம்னு வீடியோவா பார்த்துட்டு, 'இதையே மேல படிச்சா என்ன?'ன்னு யோசிச்சுட்டு இருக்கீங்க. வீட்ல சொன்னா முதல் கேள்வி இதுவாத்தான் இருக்கும்: "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?"

நியாயமான கேள்விதான். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்கும் அப்பா பட்டாசு வேலைக்கும் போய்ப் படிக்கவைக்கிற வீட்ல, ஒரு பிள்ளை இன்னும் ரெண்டு வருஷம் சம்பாதிக்காம இருக்குறது பெரிய முடிவு. அதனால எம்.ஏ இன்டர்நேஷனல் ஸ்டடீஸ், அதாவது சர்வதேச ஆய்வுகள் முதுகலைப் படிப்புல என்ன இருக்கு, என்ன இல்லைன்னு முழுசா பார்த்துடலாம்.

இது என்ன படிப்பு?

நிறைய பேர் நினைக்கிற மாதிரி இது 'வெளிநாடு போறதுக்கான படிப்பு' இல்லை. பொது அறிவு குவிஸும் இல்லை. எந்த நாட்டுக்கு யார் அதிபர்னு மனப்பாடம் பண்றவங்களுக்கு இங்கே தனி மார்க் கிடையாது.

பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பாடத்திட்டம் மாறும். ஆனா அடிப்படையில நாலு தூண்கள் இருக்கும். ஒண்ணு, சர்வதேச அரசியல்: நாடுகள் ஏன் சண்டை போடுது, ஏன் கைகுலுக்குது? ரெண்டு, சர்வதேச சட்டமும் அமைப்புகளும்: ஐ.நா, உலக வர்த்தக அமைப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு எல்லாம் எப்படி இயங்குது? மூணு, சர்வதேசப் பொருளாதாரம்: வரி, இறக்குமதித் தடை, ஒப்பந்தம். நாலு, பிராந்திய ஆய்வு: சீனா, மேற்கு ஆசியா, தெற்காசியா, ஆப்பிரிக்கான்னு ஒரு பகுதியை எடுத்துக்கிட்டு அதன் வரலாறு, அரசியல், மொழின்னு ஆழமா இறங்குறது.

எம்.பி.ஏ இன்டர்நேஷனல் பிசினஸோட இதைக் குழப்பிக்காதீங்க. சரக்கை எப்படி ஏற்றுமதி பண்றதுன்னு சொல்லித்தர்றது அது. அந்தச் சரக்குக்கு ஒரு நாடு ஏன் கதவைத் திறக்குது, இன்னொரு நாடு ஏன் சாத்துதுன்னு கேட்கிறது இது.

'குட்டி ஜப்பான்'ல இல்லாத பாடமா?

'உலக அரசியலுக்கும் நம்ம ஊருக்கும் என்ன சம்பந்தம்?'னு தோணலாம். இந்தியாவுலேயே இந்தப் படிப்புக்கு இவ்வளவு உதாரணம் கையில வெச்சிருக்குற ஊர்கள் குறைவு. ஒவ்வொண்ணா பாருங்க.

தீப்பெட்டி: ஒரு காலத்துல ஸ்வீடன்லயும் ஜப்பான்லயும் செஞ்ச தீப்பெட்டிகள்தான் இந்தியச் சந்தையில இருந்தது. 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டி மேல அன்றைய அரசு வரியை ஏத்துச்சு. வரியைச் சமாளிக்க ஸ்வீடன் நிறுவனம் இந்தியாவுலேயே 'விம்கோ'வைத் தொடங்குச்சு. கிட்டத்தட்ட அதே சமயத்துலதான் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கத்துக்கிட்டு வந்தாங்க. அவங்க உழைப்பும் துணிச்சலும் பாதிக் கதைன்னா, அந்த வரி மீதிக் கதை. இந்த மாதிரி வரி ஒரு நாட்டுத் தொழிலை எப்படி வளர்க்குதுங்கிறது சர்வதேசப் பொருளாதாரத்துல முக்கியமான பாடம்.

லைட்டர்: நூறு வருஷம் கழிச்சு அதே கதை வேற வடிவத்துல திரும்பி வந்துச்சு. வெளிநாட்டு பிளாஸ்டிக் லைட்டர்கள் மலிவு விலைக்கு வந்து குவிய, கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி தீப்பெட்டிக்காரங்க தடை கேட்டாங்க. 2023 ஜூன்ல, 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர்களோட இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டுச்சு. உடனே, உதிரிபாகமா கொண்டுவந்து இங்கே கோக்க ஆரம்பிச்சாங்கன்னு புகார் வந்துச்சு. 2024 அக்டோபர்ல லைட்டர் உதிரிபாகங்களுக்கும் தடை வந்துச்சு. இப்போ கேள்வி: உலக வர்த்தக அமைப்பின் காட் ஒப்பந்தத்துல 11-வது பிரிவு, இறக்குமதிக்கு இப்படித் தடை போடக் கூடாதுன்னு சொல்லுது. 20-வது பிரிவு சில விதிவிலக்குகளைத் தருது. அப்போ இந்தத் தடையை எப்படி நியாயப்படுத்துவீங்க? எம்.ஏ முதல் வருஷத்துல இது ஒரு அருமையான அசைன்மென்ட்.

பட்டாசுப் பெட்டி: உலகத்துல பட்டாசை எங்கே ஏத்தி அனுப்பினாலும் பெட்டி மேல ஒரு ஐ.நா எண் ஒட்டணும். பட்டாசுகளுக்கான எண்கள் 0333-ல் இருந்து 0337 வரைக்கும். மொத்தமா ஒரே நேரத்துல வெடிக்கக்கூடிய சரக்குக்கு 0333. ஆபத்து ரொம்பக் குறைவான சரக்குக்கு 0337. ஜெனீவாவுல கூடுற ஐ.நா நிபுணர் குழுதான் இந்த விதிகளை எழுதுது. 2000 மே 13 அன்னிக்கு நெதர்லாந்தின் என்ஸ்கெட நகரத்துல பட்டாசுக் கிடங்கு வெடிச்சு 23 பேர் இறந்தாங்க. ஒரு குடியிருப்புப் பகுதியே தரைமட்டமாச்சு. பெட்டி மேல போட்டிருந்த வகையைவிட உள்ளே இருந்த சரக்கு ஆபத்தானதுன்னு பிறகு தெரியவந்துச்சு. அதுக்குப் பிறகு எந்தப் பட்டாசு எந்த வகையில வரும்னு ஐ.நா விதிகள்லயே ஒரு அட்டவணை சேர்த்தாங்க. ஐரோப்பாவுல நடந்த விபத்து, எங்கேயோ ஒரு பட்டாசுப் பெட்டியோட லேபிளை மாத்துது. சர்வதேச விதிமுறைகள் இப்படித்தான் உருவாகுது, பெரும்பாலும் யாரோ உயிரைக் கொடுத்த பிறகு. விபத்துச் செய்தி கேட்டு வளர்ந்த உங்களுக்கு அதோட கனம் புரியும்.

சீனாவோட ஹூனான் மாகாணத்துல லியூயாங்னு ஒரு ஊர் இருக்கு. உலகப் பட்டாசுத் தலைநகர்னே அதுக்குப் பேர். உலகச் சந்தையில பெரும்பங்கு சீனாவோடது. இந்தியாவுக்குத் தேவையான பட்டாசுல பெரும்பகுதியைச் செய்ற சிவகாசி, ஏற்றுமதியில ஏன் பெயர் சொல்ற இடத்துல இல்லை? துறைமுகமா, தரச்சான்றா, வேதிப்பொருள் விதிகளா, கப்பல் கட்டணமா? ரெண்டு ஊரையும் ஒப்பிட்டு எழுதினா ஒரு முனைவர் பட்ட ஆய்வே வரும்.

பருப்பு: விருதுநகர் சந்தைப் பருப்பு விலை நியூஸ்பேப்பர்ல வர்றதைப் பார்த்திருப்பீங்க. நம்ம உளுந்துலயும் துவரையிலயும் ஒரு பகுதி மியான்மர்ல இருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவுல இருந்தும் வருது. 2016-ல் மொசாம்பிக்கோட துவரைக்கு ஒரு ஒப்பந்தம். 2021-ல் மியான்மரோட வருஷத்துக்கு 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் மூலமா வாங்க ஒரு ஒப்பந்தம். அதே 2021 பிப்ரவரியிலதான் மியான்மர்ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுச்சு. ஜனநாயகம் பத்திப் பேசணும், பருப்பும் வேணும். வெளியுறவுக் கொள்கைன்னா இந்த மாதிரி இக்கட்டுதான்.

மனிதர்கள்: விருதுநகர் பக்கத்துல குல்லூர்சந்தையில இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. 1951-ம் வருஷ அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்துப் போடலை. அப்போ அங்கே பிறந்து, நம்மளோட காலேஜ்ல படிக்கிற பிள்ளைகளோட சட்ட நிலை என்ன? இதுவும் பாடம். குழந்தைத் தொழிலாளர் பிரச்னைக்காக சிவகாசி பெயர் உலகம் முழுக்கப் பேசப்பட்டதும், 1996-ல் உச்ச நீதிமன்றம் அதுல தீர்ப்பு சொன்னதும், 2017-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 138, 182 ஆகிய ரெண்டு உடன்படிக்கைகளை இந்தியா ஏத்துக்கிட்டதும் உங்க அம்மா, பாட்டி தலைமுறையோட கதை. அதை வெளியில இருந்து எழுதினவங்க நிறைய. உள்ளே இருந்து படிச்சு எழுதினவங்க ரொம்பக் கம்மி.

எங்கே படிக்கலாம்?

முதல்ல எல்லாரும் சொல்றது டெல்லி ஜே.என்.யூ. அங்கே இருக்குற சர்வதேச ஆய்வுகள் பள்ளி 1955-ல் தனி நிறுவனமா தொடங்கி, 1970-ல் ஜே.என்.யூவோட இணைஞ்சது. வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சர்வதேச உறவுகள்ல முனைவர் பட்டம் வாங்கினது ஜே.என்.யூவுலதான். மதுரையில பிறந்து, திருச்சியில பி.ஏ முடிச்ச நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனும் அந்தப் பல்கலைக்கழக மாணவிதான்.

நம்ம பக்கத்துல? புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்துல எம்.ஏ அரசியல் மற்றும் சர்வதேச உறவுகள் இருக்கு. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் மகளிர் கல்லூரியில எம்.ஏ சர்வதேச ஆய்வுகள் இருக்கு. சென்னைப் பல்கலைக்கழகத்துல பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வுகள் துறை இருக்கு. கேரளாவுல காசர்கோடு மத்தியப் பல்கலைக்கழகமும், கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகமும் நல்ல தேர்வுகள். மதுரை - குருவாயூர் ரயில்ல சிவகாசியில ஏறினா கோட்டயத்துல இறங்கலாம். வீட்ல 'டெல்லி ரொம்ப தூரம்'னு சொன்னா இந்தத் தகவல் கைகொடுக்கும். கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்துலயும், சார்க் நாடுகள் சேர்ந்து டெல்லியில நடத்துற தெற்காசியப் பல்கலைக்கழகத்துலயும் சர்வதேச உறவுகளுக்குத் தனித் துறை உண்டு. தெற்காசியப் பல்கலைக்கழகத்துல இலங்கை, நேபாளம், வங்கதேச மாணவர்களோட ஒரே பெஞ்சுல உட்காரலாம்.

ஜே.என்.யூ, புதுச்சேரி, காசர்கோடு மாதிரி மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 'க்யூட் பி.ஜி' நுழைவுத்தேர்வு. கம்ப்யூட்டர்ல எழுதணும். தப்பான பதிலுக்கு மார்க் குறையும். பி.ஏ, பி.காம், பி.எஸ்ஸி, பி.இ எது படிச்சிருந்தாலும் பல இடங்கள்ல விண்ணப்பிக்கலாம். ஆனா எந்தப் படிப்புக்கு எந்தப் பேப்பர் எழுதணும், குறைந்தபட்ச மார்க் எவ்வளவுங்கிறது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். அந்தந்த வருஷ அறிவிப்பைப் படிக்காம பணம் கட்டாதீங்க.

இங்கிலீஷ் பயம் இருக்கா?

இருக்கும். மறைக்க வேண்டியதில்லை. நுழைவுத்தேர்வுக் கேள்வித்தாள் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும்தான் வருது. வகுப்பு, புத்தகம், கட்டுரை எல்லாம் இங்கிலீஷ். தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு முதல் செமஸ்டர் நிச்சயமா கஷ்டம். வாரத்துக்கு நூத்துக்கணக்கான பக்கம் படிக்கச் சொல்வாங்க.

இதுக்கு வழி, இப்பவே ஒரு நாளைக்கு ஒரு இங்கிலீஷ் தலையங்கம் படிச்சு, அதை அஞ்சு வரியில உங்க சொந்த இங்கிலீஷ்ல எழுதுறது. அழகான இங்கிலீஷ் வேண்டாம், தெளிவான இங்கிலீஷ் போதும். பேச்சைவிட எழுத்துக்குத்தான் இங்கே மதிப்பு.

இன்னொரு பக்கமும் இருக்கு. தமிழ் உங்களுக்கு பலம். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் பத்தி ஆய்வு பண்றப்போ, தமிழ்ப் பத்திரிகைகளை நேரடியா வாசிக்கத் தெரிஞ்சவங்க டெல்லியில குறைவு. கூட ஒரு வெளிநாட்டு மொழி சேர்த்துக்கிட்டா ரொம்ப நல்லது. சிவகாசிப் பிள்ளைக்குச் சீன மொழி தெரிஞ்சா, லியூயாங் பத்தின தகவலுக்கு யார் மொழிபெயர்ப்பையும் எதிர்பார்க்க வேண்டாம்.

செலவு எவ்வளவு?

மத்தியப் பல்கலைக்கழகங்கள்ல கல்விக் கட்டணம் தனியாரோட ஒப்பிட்டா ரொம்பக் குறைவு. தனியார் பல்கலைக்கழகங்கள்ல ரெண்டு வருஷத்துக்குச் சில லட்சங்கள் ஆகும். கட்டணத்தை மட்டும் பார்க்காதீங்க. ஹாஸ்டல் கிடைக்குமாங்கிறதுதான் உண்மையான கேள்வி. டெல்லியில வெளியில ரூம் எடுத்தா, கட்டணத்துல மிச்சமான பணமெல்லாம் வாடகையில போயிடும். அட்மிஷன் கிடைச்ச உடனே ஹாஸ்டல் விண்ணப்பத்தைப் போடுங்க.

வெளிநாட்டுல படிக்கணும்னா, ஐரோப்பிய ஒன்றியத்தோட எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை இருக்கு, கட்டணத்தோட மாதச் செலவுக்கும் பணம் தருவாங்க. பிரிட்டன் அரசோட செவனிங் இருக்கு, ஆனா அதுக்கு ரெண்டு வருஷ வேலை அனுபவம் வேணும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு மத்திய அரசோட தேசிய வெளிநாட்டு உதவித்தொகையும், தமிழ்நாடு அரசோட அண்ணல் அம்பேத்கர் பெயரிலான வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகையும் இருக்கு. கடன் வாங்கித்தான் வெளிநாட்டுல இந்த எம்.ஏ படிக்கணும்னா, ஒரு தடவைக்கு நாலு தடவை யோசிங்க. படிச்சு முடிச்ச உடனே பெரிய சம்பளம் தர்ற படிப்பு இல்லை இது.

சரி, வேலை?

நேரா சொல்லிடலாம். இந்தப் பட்டத்தை மட்டும் பார்த்துட்டு கூப்பிட்டு வேலை தர்ற கம்பெனிகள் அதிகம் கிடையாது. கேம்பஸ் இன்டர்வியூல ஐ.டி மாதிரி ஆளை அள்ளிட்டுப் போகமாட்டாங்க. ஆனா சில பாதைகள் தெளிவா இருக்கு.

இந்திய வெளியுறவுப் பணி: இதுக்குத் தனித் தேர்வு இல்லை. ஐ.ஏ.எஸ்ஸுக்கு எழுதுற அதே சிவில் சர்வீஸ் தேர்வுதான். எந்த டிகிரியும் போதும், எம்.ஏ கட்டாயம் இல்லை. ஆனா மெயின்ஸ்ல 'அரசியல் அறிவியல் மற்றும் சர்வதேச உறவுகள்' விருப்பப் பாடத்துக்கு 500 மார்க். ரெண்டாவது பொது அறிவுத் தாள்லயும் சர்வதேச உறவுகள் வருது. படிச்சது அப்படியே உதவும். மெயின்ஸை தமிழ்லயும் எழுதலாம்.

ஆசிரியர், ஆராய்ச்சியாளர்: யு.ஜி.சி நெட் தேர்வுல 'சர்வதேச மற்றும் பிராந்திய ஆய்வுகள்'னு தனிப் பாடமே இருக்கு. ஜே.ஆர்.எஃப் கிடைச்சா மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகையோட பிஹெச்.டி பண்ணலாம். நிறைய முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கு இதுதான் நடைமுறைக்கு ஒத்துவர்ற பாதை. ஒரு எச்சரிக்கை: தமிழ்நாட்டு அரசுப் பணிகளுக்கு உங்க பட்டத்தோட பெயர் முக்கியம். 'சர்வதேச ஆய்வுகள்' எம்.ஏ, 'அரசியல் அறிவியல்' எம்.ஏவுக்கு இணையானதான்னு சான்று கேட்கலாம். சேர்றதுக்கு முன்னாடியே இதை விசாரிச்சுடுங்க.

ஆய்வு மையங்கள், தூதரகங்கள், தொண்டு நிறுவனங்கள்: சென்னையில அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி உட்பட பல நாடுகளோட துணைத் தூதரகங்கள் இருக்கு. சீன ஆய்வுகளுக்கான சென்னை மையம், அப்சர்வர் ரிசர்ச் ஃபவுண்டேஷனோட சென்னைக் கிளை மாதிரி அமைப்புகளும் இருக்கு. இடங்கள் குறைவு, ஆரம்பச் சம்பளமும் சுமார்தான். ஐ.நா தலைமையகத்துல இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளமே கிடையாது. இன்ஸ்டாவுல பார்க்குற நீலக்கொடி போட்டோவுக்குப் பின்னாடி யாரோட செலவு இருக்குன்னு யோசிச்சுக்கோங்க.

தொழில் துறை: ஏற்றுமதி நிறுவனங்கள், தொழில் சங்கங்கள், வர்த்தக ஆலோசனை நிறுவனங்களுக்கு ஒரு நாட்டோட விதிகளைப் படிச்சு எளிமையா எழுதிக் கொடுக்குற ஆள் தேவை. வெடிபொருள் விதி, லேபிள் விதி, இறக்குமதித் தடைன்னு வருஷா வருஷம் போராடுற நம்ம பகுதித் தொழில்களுக்கும் அந்த மாதிரி ஆள் வேணும்.

விருதுநகர்க்காரங்களுக்கு மட்டும் ஒரு தகவல்: 2018-ல் மத்திய அரசு அறிவிச்ச 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியல்ல தமிழ்நாட்டுல இருந்து ரெண்டே மாவட்டம்தான், ராமநாதபுரமும் விருதுநகரும். வெளியுறவு அமைச்சகம் 2022-ல் அறிவிச்ச இன்டர்ன்ஷிப் திட்டத்துல இந்த மாவட்டங்களைச் சேர்ந்தவங்களுக்கு முன்னுரிமை உண்டு. மாசம் 10,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. வயசு 25-க்குள்ள இருக்கணும். 'பின்தங்கிய மாவட்டம்'னு சொன்னா கோவப்படுவோம்ல? அந்த லேபிளை இங்கே கொஞ்சம் பயன்படுத்திக்கோங்க!

யாருக்கு இது வேண்டாம்?

ஒரே வருஷத்துல வீட்டுக்கு வருமானம் வந்தாகணும்கிற நிலைமையில இருந்தா, இப்போதைக்கு வேண்டாம். முதல்ல ஒரு வேலை. கூடவே இக்னோவுல எம்.ஏ அரசியல் அறிவியல் தொலைதூரக் கல்வியா படிக்கலாம், பிறகு நெட் எழுதலாம். இதுல வெட்கப்பட எதுவும் இல்லை. வெளிநாட்டுல செட்டில் ஆகுறதுதான் நோக்கம்னா, அதுக்கு இதைவிட நேர்வழிப் படிப்புகள் இருக்கு. வாசிக்கவும் எழுதவும் பிடிக்காதவங்களுக்கு இந்த ரெண்டு வருஷம் ரொம்ப நீளமா தெரியும்.

இப்பவே என்ன செய்யலாம்?

ஆடிப்பெருக்கு அன்னிக்கே அடுத்த வருஷ காலண்டர் ஆல்பத்தை வெளியிடுற ஊர்க்காரங்க நீங்க. அட்மிஷனுக்கும் அதே பழக்கம்தான் சரி. ஆடியில படிக்க ஆரம்பிங்க. மார்கழி, தை வாக்குல க்யூட் பி.ஜி அறிவிப்பைத் தினமும் பாருங்க. மாசியிலயே அஞ்சு வருஷக் கேள்வித்தாளைப் போட்டுப் பார்த்திருக்கணும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஓ.பி.சின்னா மத்திய அரசு படிவத்துல சான்று எல்லாத்தையும் முன்கூட்டியே எடுத்து வைங்க. மாநில அரசுப் படிவத்தைக் கொண்டுபோய் டெல்லியில நின்னா வேலைக்கு ஆகாது.

கூடவே ஒரு நோட்டு போடுங்க. ஒவ்வொரு வாரமும் உங்க ஊர்ல நடந்த ஒரு விஷயத்தை எடுத்து, அது எந்த நாட்டோட சம்பந்தப்பட்டதுன்னு ஒரு பக்கம் எழுதுங்க. காகித விலை ஏறுச்சா, பருப்பு இறங்குச்சா, பட்டாசு ஆர்டர் குறைஞ்சுச்சா... எங்கே இருந்து வந்த காத்து அது? இருபது பக்கம் சேர்ந்தும் உங்களுக்குச் சலிக்கலைன்னா, இந்தப் படிப்பு உங்களுக்குத்தான். மூணாவது வாரத்துலயே நோட்டை எங்கே வெச்சோம்னு தேடினா, ரெண்டு வருஷத்தையும் வீட்டுப் பணத்தையும் மிச்சம் பிடிச்சிட்டீங்கன்னு சந்தோஷப்படுங்க.

"அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவ?"ன்னு வீட்ல திரும்பக் கேட்டா, 'கலெக்டர் ஆவேன், தூதர் ஆவேன்'னு வாக்குக் கொடுக்காதீங்க. நெட், சிவில் சர்வீஸ், ஆய்வு மையம், ஏற்றுமதி நிறுவனம்னு பாதைகளைச் சொல்லுங்க. எத்தனை வருஷம் ஆகும், எவ்வளவு செலவாகும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டுங்க. கணக்கு தெரிஞ்ச ஊர் நம்மளோடது. கணக்கோட போனா காது கொடுத்துக் கேப்பாங்க.